பெங்களூரு ஸ்டார்ட்அப் ஆஃபர் 38 லட்சம்: கையெழுத்துக்கு முன்னாடி என்னென்ன கேட்கணும்?

கன்டோன்மென்ட்_வாசி:
இப்போ இருக்கிறது சர்வீஸ் கம்பெனி, பேக்எண்ட் வேலை. பெல்லந்தூர் பக்கம் வேகமா வளர்ற ஒரு கம்பெனியில ஆஃபர் வந்திருக்கு. ஒரே வருஷத்துல ஆள் எண்ணிக்கை ரெண்டு மடங்காம். ஃபிக்ஸட் 24, வேரியபிள் (வேலைத்திறனைப் பொறுத்து வர்றது) 3, ஜாயினிங் போனஸ் 2, ஈசாப் (ஊழியருக்குத் தர்ற கம்பெனிப் பங்கு உரிமை) 9, ஆக மொத்தம் 38 லட்சம். நோட்டீஸ் 90 நாள். திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். "உள்ள எப்படி இருக்கு?"ன்னு கேட்டா எல்லாரும் "சூப்பர்"னு முடிச்சுக்கறாங்க. எச்ஆர்கிட்டயும் டீம்கிட்டயும் எதைக் கேட்டா நிஜம் தெரியும்?

பேஸ்லிப்_படிப்பவர்:
38ஐ மறந்துடுங்க. 24ல ஆரம்பிங்க. பேசிக் (அடிப்படைச் சம்பளம்) அதுல பாதி, அதாவது மாசம் 1 லட்சம்னு வைங்க. முழு பேசிக்குக்கும் 12% பிஎஃப் பிடிச்சா கம்பெனி பங்கு வருஷத்துக்கு 1,44,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) பேசிக்ல 4.81%, அது 57,720. ரெண்டும் பெரும்பாலும் அந்த 24க்குள்ளேயே இருக்கும். மிச்சத்தைப் 12ஆல் வகுத்தா 1,83,190. அதுல உங்க பங்கு பிஎஃப் 12,000, தொழில் வரி 200 போனா சுமார் 1.71 லட்சம். இதுக்கப்புறம்தான் வருமான வரி. சில இடத்துல பிஎஃப் 1,800 மட்டும் பிடிப்பாங்க, அப்போ கணக்கே வேற. அதனால சம்பளப் பிரிவு அட்டவணையை மெயில்ல கேளுங்க. கிராஜுவிட்டி, நிரந்தர ஊழியருக்கு அஞ்சு வருஷம் முடிஞ்சாத்தான்.

ஜாயினிங் போனஸ்ல ஒரு சிக்கல். ஒரு வருஷத்துக்குள்ள கிளம்பினா திருப்பித் தரணும்னு ஷரத்து இருக்கும். உங்க கைக்கு வந்தது வரி பிடிச்ச மிச்சம், அவங்க கேட்கறதோ முழு 2 லட்சம். நிதியாண்டு மாறிட்டா ஏற்கெனவே கட்டின வரியை மீட்கறது பெரிய தலைவலி. "மாத வாரியா குறையுமா, கையில வந்த தொகை மட்டும் தந்தா போதுமா"ன்னு இப்பவே பேசுங்க. வேரியபிள் தர்ற நாள்ல நீங்க ராஜினாமா கொடுத்திருந்தா அதுவும் போச்சு, பல கம்பெனியில இதான் விதி.

பங்கு_பாதி:
ஈசாப் 9 லட்சம்னா நாலு வருஷத்துக்குச் சேர்த்தா, வருஷத்துக்கா? முதல்ல அதைக் கேளுங்க. ரூபாயில சொல்றதே வித்தை. வேண்டியது நாலு எண்: எத்தனை ஆப்ஷன் (பங்கு வாங்கற உரிமை), எக்சர்சைஸ் விலை (ஒரு பங்குக்கு நீங்க கட்ட வேண்டியது), வரிக்காக மர்ச்சன்ட் பேங்கர் கடைசியா போட்ட நியாய மதிப்பு, எல்லாரையும் சேர்த்த மொத்தப் பங்கு. முதலீட்டாளர்கள் கையில இருக்கறது பெரும்பாலும் முன்னுரிமைப் பங்கு. கம்பெனியை மலிவா வித்தா அவங்க பணம் போனப்புறம்தான் ஊழியருக்கு. அதனால கடைசி ரவுண்டு மதிப்பை மொத்தப் பங்கால வகுத்து சந்தோஷப்படாதீங்க.

வரிதான் பல பேர் கவனிக்காத இடம். 1,200 ஆப்ஷன், எக்சர்சைஸ் விலை 10 ரூபாய், நீங்க எக்சர்சைஸ் பண்ற (பணம் கட்டிப் பங்கா மாத்தற) அன்னைக்கு நியாய மதிப்பு 800னு வைங்க. 790 x 1,200 = 9,48,000, இது சம்பள வருமானம். 30% அடுக்குல செஸ் சேர்த்து 31.2%, ஏறக்குறைய 2.96 லட்சம் வரி. பங்கை விக்க ஆளே இல்லாத சமயத்துல இதைக் கையிலிருந்து கட்டணும். ஸ்டார்ட்அப்புக்கு வரியைத் தள்ளிப்போடும் சலுகை இருக்கு, ஆனா டிபிஐஐடி (மத்திய அரசின் தொழில் வளர்ச்சித் துறை) அங்கீகாரம் மட்டும் போதாது, 80-ஐஏசி (1961 வருமான வரிச் சட்டத்துல ஸ்டார்ட்அப் லாபத்துக்கு வரிவிலக்கு தர்ற பிரிவு) சான்றிதழும் வேணும். வேலையை விட்டா அந்தச் சலுகையும் முடிஞ்சுடும்.

இன்னும் ஒண்ணு: கிராண்ட் ஆகி (ஆப்ஷனை உங்க பேருக்கு ஒதுக்கி) ஒரு வருஷத்துக்கு முன்னாடி எதுவும் வெஸ்ட் ஆகாது (உங்க உரிமையாகாது), அது சட்டம். கிராண்ட் தேதி சேர்ற தேதியா இருக்காது; போர்டு ஒப்புதலுக்காகச் சில மாசம் இழுக்கும். கிளிஃப் (முதல் தடவை வெஸ்ட் ஆகறவரை காத்திருக்கிற காலம்) எந்தத் தேதியிலிருந்துன்னு எழுத்துல வாங்குங்க.

ராத்திரி_அலாரம்:
காசைப் பத்தி அவங்க சொல்லிட்டாங்க. என்னைக் கேட்டா, இந்த மாதிரி கம்பெனியில ஆளை உலுக்கறது ஆன்-கால்தான், அதாவது சிஸ்டம் பழுதானா ராத்திரியிலயும் கவனிக்கற முறை வேலை. டீம்ல இருக்கற இன்ஜினியர்கிட்ட, மேனேஜர் இல்லாதப்போ கேளுங்க: ரொட்டேஷன்ல எத்தனை பேர்? நாலு பேர்னா மாசத்துல ஒரு வாரம் போச்சு. போன வாரம் எத்தனை அலர்ட், ராத்திரி எத்தனை? ராத்திரி ரெண்டு மணிக்கு டிப்ளாய்மென்ட்டைப் (புதுசா ஏத்தின கோடைப்) பின்வாங்க யார்கிட்டயும் கேட்காம முடியுமா? எண் சொல்லத் தயங்கினா அதுவே பதில். ஆள் ரெண்டு மடங்காகும்போது டீமைப் பிரிச்சுக்கிட்டே இருப்பாங்க. சர்வீஸை எழுதினவங்க வேற டீமுக்குப் போயிடுவாங்க, சர்வீஸும் அதோட அலர்ட்டும் புதுசா வர்றவர் தலையில விழும். ரன்புக் (பழுதானா என்ன செய்யணும்ங்கற குறிப்பு) இருக்காது.

அடுத்த கேள்வி, இந்த டீமுக்கு ஒரு வருஷத்துல எத்தனை மேனேஜர் மாறினாங்க? அப்ரைசலுக்கு ஒரு மாசம் முன்னாடி மேனேஜர் மாறினா, உங்க வேலையையே பார்க்காதவர் ரேட்டிங் போடுவார். மாறும்போது பழையவர்கிட்ட உங்க வேலை பத்தி நாலு வரி மெயில் வாங்கி, புதியவரை சிசியில போடச் சொல்லுங்க. அப்ரைசல் கட்-ஆஃப் தேதியையும் எச்ஆர்கிட்ட கேளுங்க. ஒரு வாரம் பிந்திச் சேர்ந்து முழுச் சுற்றையும் விட்டவங்க நிறைய.

கன்டோன்மென்ட்_வாசி:
எல்லாருக்கும் நன்றிங்க. எச்ஆர் பதில் வந்துடுச்சு: 1,500 ஆப்ஷன், எக்சர்சைஸ் விலை 10, 9 லட்சம் நாலு வருஷத்துக்குச் சேர்த்து. வேலையை விட்டா என்ன ஆகும்னு கேட்டதுக்கு "பாலிசிப்படி"ன்னு மட்டும் சொல்றாங்க.

பங்கு_பாதி:
அப்போ வருஷக் கணக்குக்கு 9 இல்ல, 2.25. ஸ்கீம் ஆவணத்தைக் கேளுங்க, அதுல ராஜினாமா பத்தி தனி ஷரத்து இருக்கும். வெஸ்ட் ஆனதை 30, 90 நாள்னு ஒரு கெடுவுக்குள்ள எக்சர்சைஸ் பண்ணலன்னா காலாவதினு போட்டிருந்தா, மேலே சொன்ன வரியை அந்தக் கெடுவுக்குள்ள புரட்டியாகணும். ஆவணம் தரமாட்டோம்னா ஈசாப்பை சைபர்னு வெச்சு, 24க்கும் 3க்கும் மட்டும் பேரம் பேசுங்க.

பேஸ்லிப்_படிப்பவர்:
பழைய கம்பெனி நோட்டீஸ் பைஅவுட்டை (நோட்டீஸ் முடியாம சீக்கிரம் கிளம்ப கட்டற பணத்தை) இவங்க தர்றாங்களான்னும் சேர்த்துக் கேட்டுடுங்க.