உளப்பகுப்பாய்வு படித்தவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்

வணக்கம். நான்கு மாதமாக உளப்பகுப்பாய்வின் (சைக்கோஅனாலிசிஸ்) வரலாற்றை வரிசையாகப் படித்து வருகிறேன். அதைத் தொடங்கிவைத்த ஃபிராய்டு வரை சிக்கல் இல்லை. 1920-இல் அவர் எழுதிய ஒரு காட்சி மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது: ஒன்றரை வயதுப் பேரன், நூல் கட்டிய மரக்கட்டையைத் திரை போட்ட கட்டிலுக்குள் எறிந்துவிட்டு 'ஓ...' (ஜெர்மனில் 'ஃபோர்ட்', அதாவது 'போயிடுச்சு') என்று இழுக்கிறான், நூலைச் சுண்டியதும் கட்டை வெளியே வர, 'டா' (ஜெர்மனில் 'இதோ') என்று குதூகலிக்கிறான். அம்மா போவதையும் வருவதையும் பிள்ளை விளையாட்டாக்கிக்கொண்டான் என்கிறார் ஃபிராய்டு. எத்தனை முறை படித்தாலும் நெஞ்சை என்னவோ செய்கிறது.

அதற்கு அப்புறம்தான் தடுமாற்றம். குழந்தைகளை உளப்பகுப்பாய்வு செய்தவர்களில் 1926-இல் லண்டன் வந்த மெலனி க்ளைன், 1938-இல் தந்தையோடு அங்கே தஞ்சம் புகுந்த அன்னா ஃபிராய்டு, போர்க்காலத்தில் இரு தரப்புக்கும் நடந்த நீண்ட வாதம், எந்தப் பக்கமும் சேராத, குழந்தை மருத்துவருமான வின்னிகாட். குழந்தை கட்டிக்கொண்டு தூங்கும் போர்வைத் துணியைப் பற்றி வின்னிகாட் சொல்வது அந்த மரக்கட்டையின் தொடர்ச்சியா, இல்லை முற்றிலும் வேறா? க்ளைனை முழுதாக முடித்துவிட்டு அவரிடம் போவதா, நேரே போகலாமா?

இன்னொன்று. இவர்கள் 'ஆப்ஜெக்ட்' என்று சொல்வது பெரும்பாலும் ஓர் ஆளை, முக்கியமாக அம்மாவை. 'பொருள்' என்று எழுதினால் அர்த்தமே கெட்டுப்போகிறது. தமிழில் எழுதியவர்கள் என்ன சொல் வைத்தீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.