ஸ்காட்லாந்து மலை உச்சியில் நாகப்பட்டினத்து வாசல்: யார் இந்த ஹெக்டர் மன்றோ?

நாகை செல்வி:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் நாகப்பட்டினம், வெளிப்பாளையம். இப்போது இன்வெர்னஸில் நர்ஸ் வேலை. போன ஞாயிறு கூட வேலை பார்ப்பவர்கள் ஆல்னஸ் பக்கம் ஃபைரிஷ் மலைக்குக் கூட்டிப்போனார்கள். பைன் காட்டுக்குள் மூச்சு வாங்க ஏறினால், 453 மீட்டர் உயரத்தில் கரடுமுரடான கல்லில் மூன்று வளைவுகளோடு ஒரு பெரிய வாசல். கதவு கிடையாது, பின்னால் கட்டடமும் கிடையாது. வளைவு வழியே பார்த்தால் கீழே குரோமார்ட்டி கடற்கழியில் எண்ணெய் எடுக்கும் மேடைகள் நிற்கின்றன. "இது உங்க ஊர்க் கோட்டை வாசல் மாதிரி கட்டினது" என்றார்கள். எனக்குப் பேச்சே வரவில்லை. கட்டியவர் ஹெக்டர் மன்றோவாம். சென்னையில் குதிரைமேல் இருக்கிறாரே, அவரா? அந்த வாசல் எங்கள் ஊரில் எங்கே இருந்தது?

வரலாற்று வாத்தியார்:
அவர் இல்லை அம்மா. குதிரைச் சிலை தாமஸ் மன்றோவுக்கு, கிளாஸ்கோக்காரர். ஹெக்டர் நீங்கள் ஏறிய மலையடிவாரத்து நோவார் பண்ணைக்குச் சொந்தக்காரர், 1726இல் பிறந்தவர், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் தளபதி. 1764இல் பீகாரின் பக்சாரில், வங்காள நவாபாக இருந்த மீர் காசிம், அயோத்தி நவாப், முகலாயப் பேரரசர் மூவரின் படையையும் தோற்கடித்தவர் இவர்தான். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், தன் படையிலேயே கலகம் செய்த சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டுத் தள்ளினார். பாடப்புத்தகத்தில் பக்சார் வெற்றி ஒரு வரி வரும், இது வராது. நான் வகுப்பில் இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.

இந்தியப் பணத்தோடு ஊர் திரும்பி, 1768இல் இன்வெர்னஸ் நகரத் தொகுதிக்கு எம்.பி. ஆனார். தேர்தல் என்றதும் நம்மூர்த் தேர்தலை நினைக்காதீர்கள். இன்வெர்னஸ், நேர்ன், ஃபாரஸ், ஃபோர்ட்ரோஸ் ஆகிய நான்கு நகர மன்றங்களும் ஆளுக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பும். அந்த நால்வர்தான் எம்.பி.யைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்படி 1802 வரை, 34 வருடம். நடுவே எம்.பி.யாக இருந்துகொண்டே மறுபடி இங்கே வந்து 1778இல் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தார். 1781 நவம்பரில் டச்சுக்காரரிடமிருந்து உங்கள் நாகப்பட்டினம். அந்த டச்சுக் கோட்டை இன்று இல்லை. அதனால் வாசலைத் தேடி அலைய வேண்டாம்.

காஞ்சி குமரன்:
ஐயா, எங்கள் ஊர்க் கதையை விட்டுவிட்டீர்களே! 1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரத்தில் மன்றோவின் பெரிய படை நிற்கிறது. சில மைல் தள்ளிப் புள்ளலூரில் கம்பெனியின் இன்னொரு தளபதி பெய்லியின் படையை ஐதரும் திப்புவும் சுற்றி வளைத்து நொறுக்குகிறார்கள். பீரங்கிச் சத்தம் மன்றோவுக்குக் கேட்டது, ஆனாலும் போய்ச் சேரவில்லை. அப்புறம் கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். எங்கள் தாத்தா புள்ளலூர் வரப்பில் நின்று கையை நீட்டித் திசை காட்டுவார்: "அவன் அங்கதான்டா இருந்தான், வந்திருக்கலாம்." அந்தத் தோல்விக்கு வாசல் யாரும் கட்டவில்லை.

வரலாற்று வாத்தியார்:
சரிதான் தம்பி, விட்டிருக்கக் கூடாது. செல்வி, இன்னொன்று. அந்த வாசலைக் கட்டியது பஞ்சத்தில் வேலையில்லாமல் தவித்த அக்கம்பக்கத்து ஏழைகளுக்குக் கூலி கொடுக்க என்பார்கள். வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதென்று மன்றோவே கல்லை உச்சியிலிருந்து உருட்டிவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னார் என்பது அங்கே வழங்கும் கதை. ஆனால் 1792இல் அந்த மலை இருக்கும் ராஸ் வட்டாரத்துக் குடியானவர்கள், நிலப்பிரபுக்கள் ஆட்டுப் பண்ணைக்கு விட்டதால் தங்கள் நிலத்தைப் பிடித்துக்கொண்ட ஆட்டு மந்தைகளை ஊரைவிட்டே ஓட்டிப்போகக் கிளம்பினார்கள். அவர்களை அடக்கப் பட்டாளம் வந்தது. மன்றோவும் அங்கே ஒரு நிலப்பிரபு. அதே வருடம் அவர் மகனை வங்காளத்தில் சாகர் தீவில் புலி அடித்தது. மன்றோ 1805 வரை உயிரோடு இருந்தார்.

நாகை செல்வி:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி அண்ணா. அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். "கல்லெல்லாம் நம்ம ஊர்க் கல்லா?" என்று கேட்டார். இல்லைப்பா, அந்த ஊர்க்காரர்கள் சுமந்த கல் என்றேன். அடுத்த முறை ஏறும்போது கீழ்வரிசைக் கற்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.