புதுப்பிப்பு: இன்ஜினும் கியர்பாக்ஸும் பிரிக்காமலே வெளியே வந்துவிட்டன

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் இரண்டையும் சேர்த்து இன்ஜின் கிரேனில் தூக்கினால் ஆயில் சம்ப் (இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) முன் குறுக்குச்சட்டத்தில் இடிக்கிறது என்று கேட்டிருந்தேன். கைகொடுத்தது லெவலர் யோசனைதான்; கிரேன் கொக்கிக்கும் இன்ஜின் சங்கிலிக்கும் நடுவில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றிச் சாய்வை மாற்றும் கருவி அது. ரேடியேட்டர், கியர் லிவர், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை (கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) கழற்றி, கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக் கொடுத்துவிட்டு இரண்டையும் வண்டியோடு பிடித்திருக்கும் மவுண்ட் போல்ட்டுகளை எடுத்தேன். லெவலர் கைப்பிடியைச் சுற்றி முன்பக்கத்தைச் சுமார் 35 டிகிரி நிமிர்த்தியதும் சம்ப் தாண்டியது.

எதிர்பாராதது இரண்டு. 5 செ.மீ. ஏறியதுமே சங்கிலி விறைத்தது. பெல் ஹவுசிங்குக்கு (கியர்பாக்ஸ் இன்ஜினோடு சேரும் மணி வடிவ உறை) பின்னால், பாடியோடு இணைக்கும் எர்த் மின்பட்டை ஒன்று கழற்றாமல் மாட்டியிருந்தது. விறைத்தால் மேலும் கிரேன் பம்ப் அடிக்காமல் இறக்கிப் பாருங்கள். அடுத்து, கியர்பாக்ஸின் வால் பக்கம் சாய்ந்ததும் ஷாஃப்ட் துளை வழியே கியர் ஆயில் கொட்டியது. முதலிலேயே வடித்துவிடுங்கள், பிளாஸ்டிக் பை கட்டினால் நிற்காது.

கிரேன் கையை முழுக்க நீட்ட வேண்டாம். 2 டன் கிரேன்கூட அந்த நிலையில் பெரும்பாலும் அரை டன்தான் தாங்கும்.