சிறு மானியத்தில் உடையும் அன்றாடப் பொருளும் வழங்க: பட்டியல், அளவு, கணக்கு பற்றிய சந்தேகங்கள்

புதுநூல்:
எங்கள் பகுதிக் குழுவின் விண்ணப்பம் முதல் கட்டத்தைத் தாண்டிவிட்டது. 45 குடும்பங்கள், மொத்தம் 170 பேர், அதில் பாதிக்குமேல் பிள்ளைகள். விண்ணப்பத்தில் "உடை மற்றும் அத்தியாவசியப் பொருட்கள்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தோம். இப்போது இரண்டு வாரத்துக்குள் விரிவான பட்ஜெட் கேட்கிறார்கள்.

எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பை கட்டிக் கொடுப்பதா, ஆளுக்கு ஏற்றபடி வாங்குவதா? பழைய துணி தர நிறையப் பேர் முன்வருகிறார்கள், அதையும் சேர்க்கலாமா? வாங்குபவர்களின் முகத்தைப் படம் எடுக்காமல் கணக்கு ஒப்படைக்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஊசிமுனை:
ஒரே மாதிரிப் பை சோப்புக்கும் நாப்கினுக்கும் சரி, உடைக்குச் சரிவராது. மானியப் பணம் வீணாவது பெரும்பாலும் அளவு பொருந்தாத உடையில்தான். அதனால் முதலில் அளவுப் பட்டியல், அப்புறம்தான் கடை.

வயதைக் கேட்டு வாங்காதீர்கள். ஒரே வயதுள்ள இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு அளவு வித்தியாசம் வருவது சாதாரணம். ஆளுக்கு ஒரு வரி போடுங்கள்: குடும்ப எண், உயரம், மார்புச் சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு, பாத நீளம். பெயரை வேறு தாளில் வைத்துக்கொண்டால், கடைக்குப் போகும் பட்டியலில் எண் மட்டும் இருக்கும். துணி டேப் நாள்பட்டால் நீண்டுவிடும், இரும்பு அளவுகோலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

செருப்பு, ஷூவுக்குப் பாதத்தை இப்படி எடுங்கள். தாளைச் சுவரோடு ஒட்டித் தரையில் போட்டு, குதிகால் சுவரைத் தொட நிற்கச் சொல்லுங்கள். உட்கார்ந்தபடி எடுத்தால் குறைவாக வரும், நிற்கும்போதுதான் பாதம் முழுதாக விரியும். மிக நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள், அது பெருவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு காலையும் எடுத்துப் பெரியதைக் குறியுங்கள். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும், எடுக்க அதுவே நல்ல நேரம். ஐரோப்பிய அளவெண் வேண்டுமென்றால் நீளத்தைச் சென்டிமீட்டரில் வைத்து 1.5 கூட்டி, 1.5-ஆல் பெருக்குங்கள். 20 செ.மீ. பாதத்துக்கு 32.25 வரும். பிள்ளைகளுக்கு மேலே தள்ளி 33 எடுப்பது நல்லது.

அளவெடுப்பதற்கும் கொடுப்பதற்கும் இடையில் இரண்டு மாதத்துக்குமேல் ஓடினால் சின்னப் பிள்ளைகளுக்கு ஓர் அளவு கூட்டி வாங்குங்கள். மானியப் பணம் தாமதமாகி, பழைய பட்டியலை வைத்தே வாங்குவதால்தான் ஷூ அத்தனையும் இறுக்கமாகப் போகிறது.

பழைய துணி விஷயம். உள்ளாடை, காலுறை எப்போதும் புதிதாகத்தான் வாங்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய ஷூவும் வேண்டாம், முன்பு போட்டவரின் பாதத்துக்கு ஏற்ப உள்ளே அழுந்தியிருக்கும். குளிருக்கான மேலுடை, கம்பளி போன்றவற்றை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பிரிக்க ஆள், துவைத்துக் காயவைக்க இடம், மிஞ்சியதை அகற்ற வழி மூன்றும் இருந்தால் மட்டும். ஈரம் போகாத ஒரு மூட்டை உள்ளே வந்தால் பக்கத்து மூட்டைகளிலும் பூஞ்சை பிடிக்கும். நன்கொடையில் கிடைக்காதவை எவை என்று பாருங்கள்: ஆண்களின் உள்ளாடை, பெரிய உடல்வாகுக்கான அளவுகள், பதின்வயதுப் பிள்ளைகளின் உடை. மானியப் பணத்தை அங்கே போடுங்கள்.

தறிநாடா:
அளவு பற்றி மேலே சொன்னதை அப்படியே பின்பற்றலாம். சோப்பு முதலியவற்றுக்கு எண்ணிக்கை சொல்கிறேன். நிவாரணப் பணிகளில் உலகம் முழுவதும் பயன்படும் ஸ்பியர் கையேட்டின் 2018 பதிப்பில் குறைந்தபட்ச அளவுகள் இருக்கின்றன. ஆளுக்கு இரண்டு முழு உடுப்பு. மாதம் குளியல் சோப்பு 250 கிராம், துணி சோப்பு 200 கிராம். மாதவிடாய் உள்ளவருக்கு மாதம் 15 நாப்கின், அல்லது துவைத்துப் பயன்படுத்தும் நாப்கின் ஆண்டுக்கு 6. நன்கொடையாளர் "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் காட்டுவதற்கு இது போதும்.

170 பேருக்குக் குளியல் சோப்பு மாதம் 42.5 கிலோ, அதாவது 125 கிராம் கட்டி 340. துணி சோப்பு 34 கிலோ. நாப்கினை 8 உள்ள பாக்கெட்டாக வாங்கினால் ஆளுக்கு மாதம் 2 பாக்கெட். துவைக்கும் நாப்கின் நீண்ட நாளில் மலிவுதான். ஆனால் தண்ணீரும், கூச்சமில்லாமல் வெயிலில் உலர்த்த இடமும் இருக்கும் வீடுகளுக்குத்தான் அது உதவும். நெருக்கடியான ஒற்றை அறையில் அரைகுறையாக உலர்ந்ததைப் பயன்படுத்தித் தொற்று வரும். எது வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுங்கள், கேட்பவர் பெண்ணாக இருக்கட்டும்.

டயாப்பருக்குக் குழந்தையின் எடையைக் கேளுங்கள், எத்தனை மாதக் குழந்தை என்பதை அல்ல. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 12 வரை செலவாகும், மாதத்துக்கு ஏறக்குறைய 300. ஆனாலும் மிகச் சின்ன அளவில் மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள், சில வாரத்தில் குழந்தை அடுத்த அளவுக்குப் போய்விடும். பெரியவர்களுக்கான டயாப்பரை யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். படிவத்தில் அதற்கென ஒரு கட்டம் இருந்தால் குறி போடுவார்கள்.

பால்மாவும் பால்புட்டியும் பையில் வைக்க வேண்டாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இலவசப் பால்மாவு கொடுத்தால் தாய்க்குப் பால் சுரப்பு குறையும், பொருள் தீர்ந்தபின் இரண்டும் இருக்காது. தாய்ப்பால் மாற்றுப் பொருட்களின் விற்பனை குறித்து 1981-ல் உலக சுகாதாரப் பேரவை நெறிமுறையே வகுத்திருக்கிறது. உண்மையாகவே தேவைப்படும் குழந்தையைச் சுகாதாரப் பணியாளரிடம் அனுப்புங்கள்.

கணக்குப்பிள்ளை:
பட்ஜெட்டில் "உடை" என்று ஒரே வரி போட்டால் திருப்பி அனுப்புவார்கள். பொருள், எண்ணிக்கை, ஒன்றின் விலை, மொத்தம் என நான்கு கட்டம். போக்குவரத்து, பை, பெட்டி, கிடங்கு ஆகியவற்றைத் தனியாகக் காட்டுங்கள். பலர் இதை எழுதாமல் விட்டுவிட்டுக் கடைசியில் கைப்பணம் போடுகிறார்கள். அளவு மாற்றுக்கும் விட்டுப்போனவர்களுக்கும் பத்தில் ஒரு பங்கு ஒதுக்குங்கள். அதற்கு "இதர செலவு" என்று பெயர் வைக்காதீர்கள், "அளவு மாற்றுக்கான கூடுதல் இருப்பு" என்று காரணத்தோடு எழுதினால் ஏற்பார்கள்.

ஒப்பந்தத்தில் இவற்றைத் தேடிப் படியுங்கள்: அனுமதித் தேதிக்கு முன் வாங்கியது செல்லுமா (பெரும்பாலும் செல்லாது), ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்ற எழுத்துமூல அனுமதி வேண்டுமா, மிச்சத்தைத் திருப்ப வேண்டுமா.

ரசீதில் "துணிமணி" என்று மொத்தமாக எழுதி வாங்காதீர்கள். எண்ணிக்கையும் விலையும் தேதியும் குழுவின் பெயரும் இருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சாகும் ரசீது சில மாதத்தில் வெளுத்து வெற்றுத்தாளாகிவிடும், தணிக்கை வருவதற்குள் எழுத்தே இருக்காது. அன்றைக்கே நகல் எடுத்து இரண்டையும் சேர்த்துப் பின் செய்யுங்கள்.

முகப்படம் தேவையே இல்லை. இருப்புப் பதிவேடு (வந்தது, கொடுத்தது, மாற்றியது, சேதம், மீதி), குடும்ப எண்ணுக்கு எதிரே கையொப்பம் அல்லது கைரேகை, கட்டுவதற்கு முன் அடுக்கி வைத்த பொருட்களின் படம், இவை போதும். நன்கொடையாளர் வற்புறுத்தினால் இதையே எழுதி அனுப்புங்கள், பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். அறிக்கையில் ஆட்களையும் பொருட்களையும் குழப்பிவிடாதீர்கள். ஒருவர் சட்டையும் ஷூவும் வாங்கினால் பயனாளி 1, பொருள் 2.

புதுநூல்:
மிக்க நன்றி. கேட்காமல் விட்டவற்றுக்கும் பதில் கிடைத்துவிட்டது. இன்னும் ஒன்று: பொருளுக்குப் பதில் கடைக் கூப்பன் கொடுக்கலாமே என்கிறார் குழுவில் ஒருவர். கொடுக்கும் நாளை எப்படி நடத்துவது என்பதும் தெரியவில்லை.

ஊசிமுனை:
உடைக்குக் கூப்பன் நல்ல வழி, அவரவர் போட்டுப் பார்த்து எடுக்கலாம். சோப்பு, நாப்கின் போன்றவை மொத்தமாக வாங்கினால்தான் விலை குறையும். இரண்டையும் கலந்து செய்யுங்கள். கூப்பனில் வரிசை எண், கடைசித் தேதி, குழுவின் முத்திரை இருக்கட்டும். ஒரே பெரிய தொகையாக அச்சடிக்காமல் சிறு தொகைகளாகப் பிரியுங்கள், கடைக்காரர் மீதி தரமாட்டார். பயன்படாமல் போன கூப்பனுக்குக் கடைக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்பதையும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

தறிநாடா:
கொடுக்கும் நாளுக்கு நேரம் குறித்துச் சீட்டுக் கொடுங்கள், வரிசையில் நிற்க வைக்காதீர்கள். ஒரு குடும்பத்துக்கு 12 நிமிடம், 3 மேசை என்றால் மணிக்கு 15 குடும்பம், 3 மணி நேரத்தில் 45-ம் முடியும். மேசைக்கு இருவர்: ஒருவர் எடுத்துக் கொடுக்க, ஒருவர் பதிய. திரை போட்ட ஒரு மூலையும் கண்ணாடியும் அவசியம், அங்கேயே போட்டுப் பார்த்தால் பாதி மாற்றுவேலை அன்றே முடியும். பையில் குழுவின் பெயரோ நன்கொடையாளரின் சின்னமோ வேண்டாம், அதைத் தெருவில் தூக்கிப் போகிறவர் பயனாளிதான்.

பட்டியலில் இல்லாத ஒருவர் கண்டிப்பாக வருவார். யாருக்குக் கொடுக்கலாம், யார் முடிவெடுப்பது என்று முந்தின வாரமே எழுதி வைத்து, ஐந்தாறு பொதுப் பைகளைத் தனியே வையுங்கள். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே இருவராகப் போய்க் கொடுங்கள். மாற்றுவதற்கு இரண்டு வார அவகாசம் கொடுத்து, விலைச்சீட்டை வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடை அந்த இரண்டு வாரத்துக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டு ரசீதின் பின்புறம் எழுதி வாங்குங்கள்.