வயதைக் கழித்துப் பெறும் இதயத்துடிப்புக் கணக்கு சைக்கிளோட்டிகளுக்குப் பொருந்துகிறதா? அனுபவங்களைப் பகிருங்கள்

பதிவு 1

எனக்கு வயது 52. இதயத்துடிப்பைப் பார்த்தே அன்றைய பயிற்சியின் கடுமையைத் தீர்மானிப்பது என் நெடுநாள் வழக்கம். 220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவதே ஒருவரின் அதிகபட்ச இதயத்துடிப்பு என்ற கணக்கின்படி என்னுடையது 168 ஆக இருக்க வேண்டும். ஆனால் துடிப்பை அளக்க மார்பில் கட்டும் பட்டையுடன் நீண்ட ஏற்றம் ஒன்றின் கடைசிப் பகுதியை எழுந்து நின்று மிதித்துக் கடந்தபோது திரையில் 184 தெரிந்தது. கண நேரம் தோன்றி மறைந்த எண்ணாக இருந்தால் கருவிக் கோளாறு என்று விட்டிருப்பேன். அது 176, 179, 182 என்று படிப்படியாக ஏறி, உச்சியில் சில நொடிகள் நின்று, மிதிப்பதை நிறுத்திய பின்னரே இறங்கத் தொடங்கியது. வேறு ஏற்றங்களிலும் 182, 183 வரை சென்றிருக்கிறது.

இந்தப் பதினாறு துடிப்பு வேறுபாடு அன்றாடப் பயிற்சியில் என்ன செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். 138 துடிப்பில் நான் பக்கத்தில் வருபவருடன் இயல்பாகப் பேசிக்கொண்டே செல்ல முடியும். 168-ஐ உச்சமாகக் கொண்டால் அது 82 விழுக்காடு. கைக்கடிகாரம் உடனே ‘கடினம்’ என்று எச்சரிக்கிறது. 184-ஐ உச்சமாகக் கொண்டால் அதே 138 என்பது 75 விழுக்காடு மட்டுமே. என் உடல் சொல்வது இரண்டாவது கணக்குடன்தான் ஒத்துப்போகிறது. உங்கள் வயது, எந்தக் கருவியில் அளந்தீர்கள், எத்தகைய முயற்சியில் அந்த எண் வந்தது ஆகியவற்றுடன் எழுதினால் ஒப்பிட வசதியாக இருக்கும்.

பதிவு 2

என்னுடைய நிலை இதற்கு நேர்மாறானது. வயது 34, சூத்திரம் தரும் எண் 186. பந்தயத்தின் இறுதி ஓட்டத்திலும் சரி, மூச்சு முட்டும் ஏற்றங்களிலும் சரி, சைக்கிளில் 171-ஐ நான் தாண்டியதே இல்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் பயிற்சித் திட்டம் ஒன்று, அதிகபட்சத்தின் 90 விழுக்காட்டில் நான்கு நிமிடம் மிதித்து, சற்று இளைப்பாறி, மீண்டும் மிதிக்கும் இடைவெளிப் பயிற்சிகளைச் செய்யச் சொன்னது. 186-இல் 90 விழுக்காடு 167. எனக்கோ அது உச்சத்திலிருந்து நான்கே துடிப்பு கீழே. இரண்டாவது சுற்றிலேயே தொடைகள் எரிந்து, மிதிக்கும் வேகம் தளர்ந்து, குறித்த எண்ணை எட்ட முடியாமல் போகும். உடன் ஓட்டுபவர்கள் நான் முழு மூச்சுடன் முயலவில்லை என்று சொன்னார்கள். இதயத்துடிப்பு குறைவாக இருப்பதைச் சோம்பலின் அடையாளமாகப் பார்ப்பவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

கவனித்த இன்னொன்று: ஓட்டப் பந்தயத்தில் அதே பட்டை எனக்கு 178 வரை காட்டியிருக்கிறது. ஓடும்போது உடல் முழுவதையும் கால்களே தாங்குகின்றன, கைகளும் வீசுகின்றன. சைக்கிளில் இருக்கை உடலைத் தாங்கிக்கொள்வதால் உழைக்கும் தசைகளின் அளவு குறைவு, இதயம் எல்லையைத் தொடுவதற்கு முன்பே கால்கள் கைவிட்டுவிடுகின்றன. பொதுவாகச் சைக்கிளில் கிடைக்கும் உச்சம் ஓட்டத்தைவிட ஐந்து முதல் பத்துத் துடிப்பு குறைவு என்பார்கள். நெடுங்காலம் சைக்கிளையே ஓட்டிப் பழகியவர்களிடம் இந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. ஓட்டத்துக்கு ஒன்றும் சைக்கிளுக்கு ஒன்றுமாக இரண்டு உச்சங்கள் ஒரே உடலில் இருக்கும்போது, வயதை மட்டும் கேட்கும் சூத்திரம் எதைச் சொல்கிறது?

பதிவு 3

நான் ஒரு பெண், வயது 46. பெண்களுக்கெனத் தனிச் சூத்திரம் இருப்பதாக அறிந்தபோது, பொருத்தமான கணக்கு கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன். மார்த்தா குலாட்டி தலைமையிலான குழு, நோய் அறிகுறி இல்லாத ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சோதித்து 2010-இல் வெளியிட்டது அது: 206-இலிருந்து வயதின் 0.88 மடங்கைக் கழிக்க வேண்டும். எனக்கு வந்த விடை 166. பழைய கணக்கில் 174. சைக்கிளில் நான் கண்ட உச்சம் 177. அதாவது எனக்கெனவே செய்யப்பட்டதாக நான் நினைத்த சூத்திரம்தான் என்னிடமிருந்து மிகவும் விலகி நின்றது.

இதைச் சூத்திரத்தின் தவறு என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனை ட்ரெட்மில் சோதனைகளில் பெண்களின் இதயத்துடிப்பைப் பழைய கணக்கு மிகையாக மதிப்பிடுகிறதா என்ற கேள்விக்கு விடையாக எழுந்தது அது. தொடர்ந்து சைக்கிள் ஓட்டும் ஒருத்தியின் எண்ணைச் சொல்வது அதன் வேலை அன்று. இருந்தாலும், புதிதாகப் பயிற்சியைத் தொடங்கும் பெண் ஒருவர் அந்த 166-ஐக் கடிகாரத்தில் பதிவிட்டால், மிதமான சவாரிகளைக்கூட அஞ்சி அஞ்சி ஓட்ட நேரிடும்.

பதிவு 4

உடற்திறன் சோதனைக் கூடம் ஒன்றில் பணிபுரிகிறேன். மேலே எழுதிய மூவரும் கண்டது எங்களுக்கு வாடிக்கையான காட்சி என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு, இதய நோயைத் தடுப்பதில் உடலுழைப்பின் பங்கைப் பற்றி ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் ஆகியோர் 1971-இல் எழுதிய கட்டுரையுடன் பரவியது. இதற்கெனத் தனி ஆய்வு எதையும் அவர்கள் நடத்தவில்லை. ஏற்கெனவே வெளிவந்திருந்த சில ஆய்வுகளின் சராசரிகளை ஒரு வரைபடத்தில் வைத்துப் பார்த்து, தோராயமாகப் பொருந்தும் கோடாக இதைச் சொன்னார்கள். ராபர்க்ஸும் லேண்ட்வெரும் 2002-இல் இந்த வரலாற்றைத் தோண்டியெடுத்து, அதே புள்ளிகளுக்கு முறைப்படி கோடு பொருத்தினால்கூட இந்தச் சூத்திரம் கிடைப்பதில்லை என்று காட்டினார்கள். மனப்பாடம் செய்ய எளிது என்ற ஒரே தகுதியால் அது உடற்பயிற்சிக் கூடச் சுவர்களிலும் கடிகாரங்களிலும் நிலைத்துவிட்டது என்பது என் கருத்து.

பின்னர் வந்தவை இதைவிட உறுதியானவை. டனாகாவும் உடன் பணியாற்றியவர்களும் 2001-இல் 351 ஆய்வுகளைத் தொகுத்து 208 − 0.7 × வயது என்று வகுத்தார்கள். நார்வேயில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்த குழு 2013-இல் 211 − 0.64 × வயது என்றது. நாற்பது வயதில் பழைய கணக்கும் டனாகாவின் கணக்கும் 180 என்ற ஒரே விடையைத் தருகின்றன. இருபதில் பழையது ஆறு துடிப்பு கூடுதலாகவும், அறுபதில் ஆறு துடிப்பு குறைவாகவும் சொல்கிறது. எனவே மூத்த ஓட்டிகள் பழைய கணக்கை மிஞ்சுவதில் வியப்பேதும் இல்லை. முதல் பதிவை எழுதிய நண்பருக்கு டனாகாவின்படி 172, நார்வே கணக்கின்படி 178.

ஆனால் கோட்டைத் திருத்தினாலும் சிதறல் குறைவதில்லை என்பதையே இங்கு வலியுறுத்த விரும்புகிறேன். எந்தச் சூத்திரத்தை எடுத்தாலும் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து ஆட்கள் விலகி நிற்கும் வழக்கமான அளவு, ஏறத்தாழ பத்துத் துடிப்பு. நாற்பது வயதுடைய நூறு பேரில் சுமார் 68 பேர் 170-க்கும் 190-க்கும் இடையில் இருப்பார்கள். மீதமுள்ளவர்கள் அதற்கு வெளியே. 160-உம் இயல்புதான், 200-உம் இயல்புதான். வயது ஏற ஏற இதயத்தின் துடிப்பைத் தொடங்கிவைக்கும் கணுவின் சொந்த வேகமே குறைகிறது. நரம்புகளின் செல்வாக்கை மருந்தால் தடுத்துவிட்டு அளந்தபோதும் இந்தக் குறைவு தெரிந்திருக்கிறது. அந்தக் குறைவு எல்லோருக்கும் உண்டு. தொடங்கும் இடம்தான் ஆளுக்கு ஆள் வேறு. இந்த எண்ணைப் பயிற்சியால் உயர்த்தவும் முடியாது. நல்ல தாங்குதிறன் பயிற்சிக்குப் பின் அது சில துடிப்புகள் இறங்குவதே வழக்கம், ஏனெனில் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடிவிடுகிறது. 171 உடையவர் 190 உடையவரை ஏற்றத்தில் முந்துவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

சோதனையின் கடைசி நிமிடத்தைப் பார்த்தவர்களுக்கு, வீட்டில் கிடைத்த எண்ணை ஏன் நாங்கள் எளிதில் நம்புவதில்லை என்பது புரியும். நிமிடத்துக்கு இருபது, இருபத்தைந்து வாட்ஸ் என்று சுமை ஏறிக்கொண்டே போகும். நிமிடத்துக்குத் தொண்ணூறு முறை சுற்றிய மிதி எண்பதுக்கும் எழுபதுக்கும் இறங்கும். தோள்கள் ஆடத் தொடங்கும். கைப்பிடியைப் பற்றிய விரல்கள் வெளுக்கும். திரையில் இதயத்துடிப்பு மட்டும் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருக்கும். ‘இன்னும் பதினைந்து நொடி’ என்று சொன்னால் பெரும்பாலோர் கூடுதலாக இரண்டு துடிப்பைத் தருகிறார்கள். தனியாக ஓட்டும்போது அந்த இரண்டு துடிப்புக்கு முன்பே கால்களை நிறுத்திவிடுவது மனித இயல்பு. களைத்துப்போன வாரத்தில் சோதித்தாலும், உயரமான மலைப்பகுதியில் சோதித்தாலும் எண் தாழ்ந்தே வரும்.

பதிவு 5

கருவியைப் பற்றி ஒரு குறிப்பு. தளர்ந்த மேலாடை காற்றில் படபடக்கும் இறக்கங்களில், உலர்ந்த பட்டை 214 போன்ற எண்களை எனக்குக் காட்டியிருக்கிறது; மிதிக்காமல் உருண்டு செல்லும்போது வரும் அத்தகைய எண்ணை உச்சம் என்று கொள்ளலாகாது. பட்டையின் உட்புறத்தை நனைத்துக்கொண்டு புறப்பட்டால் இது பெரும்பாலும் நீங்குகிறது. மணிக்கட்டில் ஒளியால் அளக்கும் கடிகாரம், கைப்பிடியை இறுகப் பிடித்துக் கரடுமுரடான சாலையில் செல்லும்போது அதிர்வையே துடிப்பாக எண்ணிவிடுவதும், திடீர் வேகமெடுப்பில் பின்தங்கிவிடுவதும் உண்டு. முதல் பதிவில் உள்ளதுபோல் எண் படிப்படியாக ஏறி இறங்கினால் மட்டுமே நான் நம்புவேன்.

பதிவு 6

வயது 63. இரத்த அழுத்தத்துக்காக பீட்டா பிளாக்கர் வகை மருந்து எடுத்துக்கொள்கிறேன். இந்த மருந்து இதயத்துடிப்பின் உச்சத்தையே அழுத்திவிடுவதால், சூத்திரம் 157 என்று சொல்ல, என் துடிப்பு 130-ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. இங்கே சொல்லப்படும் கணக்குகள் எவையும் என் போன்றவர்களுக்கு உதவா. மருத்துவரின் அறிவுரைப்படி, உணரும் கடுமையை 6 முதல் 20 வரை எண்ணால் குறிக்கும் போர்க் அளவுகோலைப் பின்பற்றி, பெரும்பாலும் 12, 13 அளவில் ஓட்டுகிறேன். அந்த அளவுகோலின் எண்ணைப் பத்தால் பெருக்கினால் இதயத்துடிப்பு கிடைக்கும் என்ற வழக்கமான குறிப்பு மட்டும் மருந்து எடுப்பவர்களுக்குப் பொருந்தாது. உச்சத்தைக் கண்டறிகிறேன் என்று மருத்துவரைக் கேளாமல் மலையேறும் என் வயதுக்காரர்களைப் பார்த்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது.

பதிவு 7

பொருந்தாதவர்கள் மட்டுமே இங்கு எழுதுகிறார்களோ என்ற ஐயத்தில் எழுதுகிறேன். வயது 29, சூத்திரத்தின்படி 191, அளந்து கண்டது 190. என் சவாரிக் குழுவிலும் பெரும்பாலோர் ஐந்தாறு துடிப்புக்குள்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கு எழுதத் தோன்றாது. நேற்று சைக்கிள் வாங்கியவரிடம் மூச்சு முட்ட ஏற்றத்தில் சோதித்துப் பார் என்று சொல்வது பொறுப்பான அறிவுரையா? தொடக்கத்துக்கு ஒரு தோராய எண் வேண்டும்தானே?

பதிவு 8 (முதல் பதிவை எழுதியவர்)

கடைசியாக எழுதிய நண்பரின் கேள்வி நியாயமானது. தொடங்குபவருக்குச் சூத்திரத்தைவிட, பேசிக்கொண்டே ஓட்ட முடிகிறதா என்ற சோதனையே போதும் என்பேன். அதற்குக் கருவியும் வேண்டாம், வயதும் வேண்டாம். முழு வாக்கியம் பேச முடிந்தால் எளிது, இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் வராவிட்டால் கடினம்.

சில ஆண்டுகள் ஓட்டிய உடல்நலமுள்ளவர்கள் உச்சத்தைத் துரத்தாமலே எளிது, மிதம், கடினம் போன்ற பயிற்சி மண்டலங்களை வகுக்க, பயிற்சியாளர் ஜோ ஃப்ரீல் பரப்பிய ஒரு வழி இருக்கிறது. நன்றாக உடலைச் சூடாக்கிக்கொண்டு, தனியாக, முப்பது நிமிடம் தாங்கக்கூடிய அதிகபட்ச வேகத்தில் ஓட்ட வேண்டும்; கடைசி இருபது நிமிடங்களின் சராசரி இதயத்துடிப்பை வாசல் அளவாக, அதாவது நெடுநேரம் தாங்கக்கூடிய கடுமையின் எல்லையாகக் கொண்டு, மண்டலங்களை அதன் விழுக்காடாக வகுக்க வேண்டும். எனக்கு அது 165 என்று வந்தது. சூத்திரத்தின் 168-ஐ நம்பியிருந்தால், முப்பது நிமிடம் தாங்கிய அந்த வேகத்தை உச்சத்துக்கு மூன்றே துடிப்பு கீழே இருந்ததாக எண்ணியிருப்பேன். இரண்டாவது பதிவை எழுதிய நண்பர் இதைச் செய்து பார்த்து, தம் வாசல் அளவு எங்கே வருகிறது என்று இங்கே எழுதினால் நன்றாக இருக்கும். 171 உச்சமுடைய அவருக்கு நான்கு நிமிட இடைவெளிப் பயிற்சிகளின் இலக்கை அதிலிருந்தே மாற்றி அமைத்துவிடலாம்.