ஞானஸ்நானத் தொட்டியில் உடைந்த முகங்களை ஏன் அப்படியே விட்டார்கள்?

கேள்வி:
இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் நாங்கள் போகும் சிற்றாலயத்தில், பதினைந்தாம் நூற்றாண்டு ஞானஸ்நானத் தொட்டியைச் சீர்செய்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். எட்டுப் பட்டைக் கல் தொட்டி. ஏழு பட்டைகளில் ஏழு அருளடையாளங்கள் (ஞானஸ்நானம், திருமணம் போன்ற திருச்சடங்குகள்), எட்டாவதில் இயேசுவின் ஞானஸ்நானம். துருப்பிடித்த இரும்புக் கவ்விகளை எடுத்துவிட்டார்கள், பழைய சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்புச் சாந்து வைத்திருக்கிறார்கள். திருமணக் காட்சியில் மணப்பெண்ணின் ஆடை மடிப்புக்குள் சிவப்புச் சாயம்கூடத் தெரிகிறது. ஆனால் ஒருவருக்கும் முகம் இல்லை. குரு, தாய், கைக்குழந்தை எல்லாருக்கும் கழுத்துக்கு மேல் கொத்திய கல்தான். இவ்வளவு செய்தவர்கள் முகத்தையும் செதுக்கியிருக்கலாமே? என் மகளுக்கு அதில்தான் ஞானஸ்நானம் நடக்கப்போகிறது, மனசு கேட்கவில்லை. இன்னொன்று, விளிம்பில் எதிரெதிரே இரண்டு இடத்தில் கல் பெயர்ந்து, ஈயம் அடைத்திருக்கிறது. அது என்ன?

பதில் 1:
கல் சிற்பப் பராமரிப்பு என் தொழில். உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனாலும் அந்த முகங்களைத் தொடாமல் விட்டதற்காக நான் அவர்களைக் கும்பிடுவேன்.

இந்த வகைத் தொட்டிகள் சுமார் 40தான் மிஞ்சியிருக்கின்றன. கென்ட்டில் ஃபார்னிங்ஹம், சாமர்செட்டில் நெட்டில்கூம் தவிர மற்றவை எல்லாம் உங்கள் நார்ஃபோக்கிலும் அடுத்த சஃபோக்கிலுமே இருக்கின்றன. 1547-இல் ஆறாம் எட்வர்ட் பட்டத்துக்கு வந்த பிறகு உருவங்களை அகற்றச் சொல்லி உத்தரவுகள் வந்தன. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தக்காரர்கள் அருளடையாளமாக ஏற்றது ஞானஸ்நானம், நற்கருணை என்ற இரண்டை மட்டுமே. அதனால் மற்ற ஐந்தையும் காட்டும் கல் அவர்கள் கண்ணை உறுத்தியது. ஆனால் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தொட்டி வேண்டுமே! ஆகவே தொட்டியை வைத்துக்கொண்டு முகங்களைக் கொத்தினார்கள். சில ஊர்களில் சாந்து பூசி மூடினார்கள், அந்தச் சாந்தே சிற்பத்தைக் காப்பாற்றியும் கொடுத்தது. உங்கள் தொட்டியில் உளித் தடம் ஒரே சீராக இருந்தால், ஆத்திரத்தில் அடித்ததல்ல, உத்தரவுப்படி செய்த வேலை என்று நான் நினைப்பேன்.

இப்போது புது முகம் வைத்தால் அது யாருடைய முகம்? பழைய முகம் எப்படி இருந்தது என்பதற்குப் படமோ அச்சோ கிடையாது. அப்புறம், புதுக் கல்லை ஒட்ட வேண்டுமானால் உடைந்த பரப்பைச் சமமாகச் சீவ வேண்டும். மிச்சமிருக்கும் தாடையும் முடிச்சுருளும் அதோடு போய்விடும். விக்டோரியா காலத்தில் இப்படித்தான் பல ஆலயங்களைப் புதுசாக்குகிறோம் என்று சுரண்டித் தள்ளினார்கள். அதை எதிர்த்துத்தான் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸும் நண்பர்களும் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்கள். மடிப்புக்குள் சிவப்பு மிஞ்சியிருக்கிறது என்றால், உங்கள் தொட்டி அந்தச் சுரண்டலுக்கு முழுசாகச் சிக்கவில்லை. அது பெரிய அதிர்ஷ்டம்.

பதில் 2:
ஈயம் அடைத்த இடம் பூட்டுக்கானது. 1236-இல் கேன்டர்பரி பேராயர் எட்மண்ட், தொட்டிகளை மூடிப் பூட்டி வைக்க வேண்டும் என்று விதித்தார். மந்திரித்த தண்ணீரைச் சூனியத்துக்குத் திருடிவிடுவார்கள் என்ற பயம். மூடியின் கொக்கியை மாட்ட இரும்பு வளையத்தை ஈயம் ஊற்றிக் கல்லில் பதிப்பார்கள். பிற்காலத்தில் பிடுங்கும்போது விளிம்பு பெயர்ந்திருக்கும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. முகம் பற்றி என் எண்ணம் மாறிவிட்டது. ஞானஸ்நானத்தன்று தொட்டிக்குள்ளேயே பூ அலங்காரம் வைக்கலாமா என்று மாமியார் கேட்கிறார்.

பதில் 1:
உள்ளே வேண்டாம் அம்மா. ஞானஸ்நானத் தண்ணீரைத் தவிர வேறு எதற்கும் தொட்டியைப் பயன்படுத்தக் கூடாது என்பது இங்கிலாந்து திருச்சபையின் சட்டத்திலேயே இருக்கிறது. விளிம்பிலும் பாசி, ஈரப் பஞ்சு எதுவும் வைக்காதீர்கள், ஈரம் கல்லுக்குள் இறங்கி உப்பைக் கிளப்பும். தரையில் தனி ஜாடியில், சிற்பத்தில் உரசாமல் வையுங்கள். மெழுகுவத்தி இன்னும் தள்ளி இருக்கட்டும். விருந்தினர் வருவதற்கு முன் ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பட்டைகளின் குழிவான இடங்களைப் பாருங்கள். சிவப்பு இருக்கும் இடத்தில் பச்சையும் அகப்படலாம். கிடைத்தால் படம் எடுத்து, ஆலயப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லி, ஆலயப் பொறுப்பாளரான வார்டனிடம் கொடுங்கள்.