பறவைக் காய்ச்சல் மனிதருக்கு எவ்வாறு தொற்றுகிறது?

கேள்வி:
பறவைக் காய்ச்சல் வைரஸ் மனித உடலுக்குள் எவ்வழியாக நுழைகிறது, சமைத்த இறைச்சியினாலும் ஆபத்து உண்டா என்பதை அறிந்தவர்கள் விளக்குமாறு வேண்டுகிறேன்.

பதில் 1:
காட்டு வாத்து போன்ற நீர்ப்பறவைகளின் குடலில் இவ்வகை வைரஸ்கள் பெரும்பாலும் நோய்க்குறி எதையும் காட்டாமலே தங்கியிருக்கின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர், தீவனம், ஏன், பண்ணைக்குள் நுழைபவரின் செருப்பில் ஒட்டிய சேறு வழியாகக்கூட அவை கோழிகளைச் சென்றடைகின்றன. நோயுற்ற கோழியைத் தொட்ட கையால் கண்ணையோ மூக்கையோ தேய்ப்பதும், இறகு பிடுங்கும்போது கிளம்பும் தூசியைச் சுவாசிப்பதும் மனிதருக்குத் தொற்றும் முக்கிய வழிகள். உட்பகுதி வரை 70 டிகிரி செல்சியஸ் வெப்பம் எட்டும்படி வேகவைத்த இறைச்சியில் வைரஸ் பிழைக்காது.

பதில் 2:
உண்பவரைவிட அறுத்துச் சுத்தம் செய்பவருக்கே ஆபத்து அதிகம் என்பது என் கருத்து. 1997இல் ஹாங்காங்கில் இவ்வைரஸின் எச்5என்1 என்னும் வகை 18 பேரைத் தாக்கியது. அவர்களில் 6 பேர் இறந்தனர். 2003 முதல் உலகெங்கும் உறுதிசெய்யப்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் உயிரிழந்துள்ளனர். (இலேசான தொற்றுகள் கணக்கில் வராமல் போயிருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.)

கேள்வி கேட்டவர்:
நன்றி. இவ்வளவு கொடியது, மனிதரிடையே ஏன் வேகமாகப் பரவவில்லை?

பதில் 3:
இவ்வைரஸ் எளிதில் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் (செல்களின் மேற்பரப்பில் வைரஸ் ஒட்டும் இடங்கள்) நம் மூக்கிலும் தொண்டையிலும் குறைவு. நுரையீரலின் ஆழத்தில்தான் அதிகம். ஆகவே நோய் கடுமையாகிறது, ஆனால் இருமலால் எளிதில் பரவுவதில்லை. மரபணு மாற்றத்தால் இந்நிலை மாறலாம் என்பதே அறிஞர்களின் கவலை. 2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளிடம் இது பரவியது அக்கவலையைக் கூட்டியது. பறவைகளோடு பழகியபின் காய்ச்சலோ கண் சிவப்போ தோன்றினால், அதை மருத்துவரிடம் சொல்லி, ஓசல்டாமிவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்தை விரைவில் தொடங்குவது நல்லது.